மண்டபம் முகாமின் வாயில்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விரும்புவோர் அந்நாட்டின் கோட்டைகளையும் கோயில்களையும் முதலில் சென்று காண்கின்றனர். அது முறையே. எனினும் எளிய குடிமக்கள் பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் சென்ற வரலாறு கோட்டைச் சுவரில் எழுதப்படுவதில்லை. அதைக் கூறும் இடங்கள் வேறு. அமெரிக்காவில் நியூயார்க் துறைமுகத்தருகே எல்லிஸ் தீவு என்றோர் இடம் உண்டு. 1892 முதல் 1954 வரை அங்கு வந்திறங்கிய குடியேறிகள் ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர். இன்று அஃது ஓர் அருங்காட்சியகம். மொரீசியசுத் தலைநகரான போர்ட் லூயியில் கடலோரமாகச் சில கற்படிகள் உள்ளன. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர் கரையேறிய படிகள் அவை. 2006ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு அவ்விடத்தை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

நமக்கும் அத்தகையதோர் இடம் உண்டு. விருதுநகரிலிருந்து ஒரு காலைப்பொழுதில் சென்று சேர்ந்துவிடலாம். இராமேசுவரம் செல்லும் அடியார்கள் அதனைக் கடந்துதான் செல்கின்றனர். புகைவண்டி நிலையத்தின் பெயர்ப்பலகையே ‘மண்டபம் முகாம்’ என்று அறிவிக்கிறது. எதனால் அவ்வூர் முகாம் ஆயிற்று, யாருடைய முகாம் அது என்று கேட்போர் மிகச் சிலரே. அந்தக் கேள்விக்கு விடை கூறுவதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

முதலில், மக்கள் ஏன் போயினர் என்பதைப் பார்ப்போம். நம் வட்டாரம் வானம் பார்த்த பூமி. கரிசல் மண்ணில் பருத்தியும் கம்பும் சோளமும் விளைவது மழையின் தயவைப் பொறுத்தது. கண்மாய் நிறையாத ஆண்டில் நிலமுடையோர்க்கே கஞ்சி அரிது. நிலமற்ற கூலியாளின் நிலையைக் கூற வேண்டுவதில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தைத் ‘தாது வருஷத்துப் பஞ்சம்’ என்று நம் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். கடலுக்கு அப்பால் இலங்கையின் மலைநாட்டிலோ ஆள் பற்றாக்குறை. அங்கே 1820களில் தொடங்கிய காப்பித் தோட்டங்களுக்குக் காடு வெட்டவும் கொட்டை பறிக்கவும் ஆட்கள் தேவைப்பட்டனர். பஞ்சம் ஒருபுறம் தள்ளிற்று. தோட்டம் மறுபுறம் இழுத்தது. இரண்டுக்கும் நடுவே நின்று ஆள் சேர்த்தவர் கங்காணி.

மொரீசியசுக்கும் பீஜிக்கும் சென்றோர் ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தம் எழுதிச் சென்றனர். இலங்கைக்குச் சென்றவர் பெரும்பாலும் அவ்வாறு எழுதவில்லை. அவர்களைக் கட்டிய கயிறு கடன். கங்காணி தன் ஊரிலும் அண்டை ஊர்களிலும் உறவினரையும் தெரிந்தவரையும் கண்டு பேசி, முன்பணம் கொடுத்து, அவர்களுடைய பழைய கடனைத் தீர்த்து, வழிச்செலவையும் ஏற்று அழைத்துச் சென்றார். அத்தனையும் தொழிலாளியின் பேரில் கடனாக எழுதப்பட்டது. வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், ‘இக்கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்போம்’ என்று எழுதிய சீட்டொன்று வேண்டும். அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். கடன் தோட்டம் மாறிற்றேயன்றித் தீரவில்லை. இத்துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ஒழிந்தது.

காப்பிக் காலத்தில் போனவர் அனைவரும் அங்கேயே தங்கிவிடவில்லை. காப்பி பறிப்புக்குப் பருவம் உண்டு. பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். 1869ஆம் ஆண்டில் காப்பி இலைகளில் துருநோய் கண்டது. சில ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. இதற்கு ஈராண்டு முன்னரே ஜேம்ஸ் டெய்லர் என்பார் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டிருந்தார். காப்பி இருந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. கொழுந்து பறிக்கப் பெண்களின் விரலும் வேண்டும். ஆகவே ஆடவர் தனியே சென்ற நிலை மாறிக் குடும்பங்களாகச் சென்றனர், லயங்களில் பிள்ளை பெற்றனர், அங்கேயே மாண்டனர். போய் வருவது குடியிருப்பாக மாறியதற்குக் காரணம் இப்பயிர் மாற்றமே. பின்னாளில் எழுந்த குடியுரிமைச் சிக்கலின் வேரும் இதிலேதான் இருக்கிறது.

தொடக்கத்தில் அவர்கள் சென்ற வழி கொடியது. பாம்பன் பகுதியில் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே அநுராதபுரம், தம்புள்ளை கடந்து மாத்தளை வரை நூறு மைலுக்கு மேல் நடந்தனர். நீரின்றியும் வாந்திபேதியாலும் காட்டுக் காய்ச்சலாலும் வழியிலேயே வீழ்ந்தோர் பலர். 2023ஆம் ஆண்டில், மலையகத் தமிழர் இலங்கை சென்று இருநூறு ஆண்டு நிறைவதை ஒட்டி, அவர்தம் வழித்தோன்றல்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து தம் முன்னோரை நினைவுகூர்ந்தனர். மற்றொரு வழி, தூத்துக்குடியில் நீராவிக் கப்பலேறிக் கொழும்பு செல்வது. நம் சாத்தூர்ப் பகுதியிலிருந்து அவ்வழியே சென்றோரும் உளர்.

1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் கடற்பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 22 மைல் கடலைக் கப்பல் கடந்தது. மறுகரையிலும் புகைவண்டி காத்திருந்தது. ஆனால் தொற்றுநோய்களின் அச்சம் இலங்கை அரசுக்குத் தீரவில்லை. தன் கரையில் இறங்கிய பின் நோயாளியைப் பிரிப்பதைவிட, ஏறும் கரையிலேயே பிரிப்பது நன்று என்று கருதிற்று. ஆகவே இந்திய மண்ணில், மண்டபத்தில், இலங்கை அரசின் முகாம் அமைந்தது.

திருச்சிராப்பள்ளியில் 1904ஆம் ஆண்டு முதல் தோட்டத் துரைமாரின் தொழிலாளர் ஆணையகம் ஒன்று நடைபெற்று வந்தது. ஆள் சேர்ப்பதை ஒழுங்குசெய்வது அதன் வேலை. ஊரிலிருந்து புறப்படுபவன் கையில் தகரவில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. அதில் எழுத்தொன்றும் எண்ணொன்றும் பொறித்திருக்கும். எழுத்து மாவட்டத்தையும் எண் தோட்டத்தையும் குறிக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவன் கழுத்தில் கட்டிய அவ்வில்லையைப் பார்த்தே வழிநெடுக அவனைக் கைமாற்றி அனுப்பினர். சரக்கு மூட்டைக்கு முத்திரை குத்தி அனுப்பும் முறைக்கும் இதற்கும் வேறுபாடு மிகுதி இல்லை. முகாமில் ஐந்தாறு நாள் தங்க வைத்தனர். அம்மை குத்தினர், துணிகளை நீராவியில் வேக வைத்தனர், நோய்க்குறி கண்டவரைப் பிரித்தனர். வேளைக்குச் சோறும் போட்டனர். நியாயமாகப் பேசுவதாயின், அம்முகாமின் மருத்துவக் கண்காணிப்பு பல உயிரைக் காத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காட்டுவழியில் மாண்டவரின் கதையை அறிந்தவர் இதனை மறுக்கமாட்டார்.

நேயர்களே! இச்செய்திகளையெல்லாம் நான் நூல்களிற் படித்தறிந்தவன். அவற்றை வாழ்ந்தறிந்த முதியவர் ஒருவரோடு கடந்த தை மாதம் மண்டபம் சென்று வந்தேன். அவர் எண்பது வயதைக் கடந்தவர். சிவகாசியை அடுத்த ஒரு சிற்றூரில் மகள் வீட்டில் இருக்கிறார். பேரன் என் பள்ளியில் பயின்றவன். “ஒரு தடவை அந்த முகாமைப் பார்த்துவிட வேண்டும், சார்; நீங்கள் கூட வந்தால் கேட்டு விளங்கிக்கொள்ளலாம்” என்றார். தம் பெயரை எங்கும் சொல்லவேண்டா என்றும் கேட்டுக்கொண்டார். அவ்விருப்பத்தைக் காக்கிறேன்.

விருதுநகரில் பேருந்தேறி, அருப்புக்கோட்டை, பரமக்குடி, இராமநாதபுரம் வழியாகச் சென்றோம். வழியெங்கும் சீமைக்கருவேல், அதன்பின் பனை, உச்சிப்புளி தாண்டியதும் மணலும் உப்புக்காற்றும். பெரியவர் சன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “நான் வந்தபோது இந்த வழியை இரவில் கடந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை” என்றார்.

அவருடைய தந்தையார் ஏழு வயதுச் சிறுவனாக 1924ஆம் ஆண்டில் பெற்றோருடன் இம்முகாமில் தங்கிச் சென்றவர். துணியை வேகவைக்கக் கொடுத்துவிட்டு, நனைந்த கோவணத்தோடு வெயிலில் நின்றதும், அம்மை குத்திய கை வீங்கியதும் மட்டுமே அச்சிறுவனுக்குக் கடைசிவரை நினைவிருந்தன. அவர்கள் போன காலத்தில் நிலைமை ஓரளவு சீர்ப்பட்டிருந்தது. 1922ஆம் ஆண்டில் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டில் இந்திய அரசின் முகவர் ஒருவர் தொழிலாளர் நலம் காக்கக் கண்டியில் அமர்த்தப்பட்டார். வழிச்செலவைத் தொழிலாளி தலையில் கடனாக ஏற்றுவது நின்றது. 1939ஆம் ஆண்டில் இலங்கை அரசு தன் வேலையிலிருந்த இந்தியத் தொழிலாளரை நீக்க முற்பட்டது. அது கண்டு, இந்திய அரசு அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாளிலிருந்து தோட்டத்துக்கு ஆள் செல்வதைத் தடைசெய்தது. மண்டபம் முகாமின் முதற்கதை அத்துடன் முடிவுற்றது.

பெரியவர் பிறந்தது அதற்கு மூன்றாண்டுக்குப் பின்னர், அட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். அவருக்கு ஆறு வயது நடக்கையில் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே, அதாவது 1948இல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. ஒருவர் அம்மண்ணில் பிறந்திருந்தால் மட்டும் போதாது; அவருடைய தந்தையும் அங்குப் பிறந்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். ஏழு வயதில் கடல் கடந்த தந்தையின் மகனுக்கு அதில் இடமில்லை. 1949ஆம் ஆண்டில் பதிவுமூலம் குடியுரிமை பெற ஒரு சட்டம் வந்தது. 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஏறத்தாழ 1,34,000 பேருக்கே அது கிடைத்தது. இடைவிடாமல் அங்கு வாழ்ந்தமைக்குச் சான்று வேண்டும் என்றனர். லயத்து அறையில் பிறந்தவனிடம் என்ன சான்று இருக்கும்? 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏழு உறுப்பினரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் வாக்குரிமையையும் இழந்தனர்.

இச்சிக்கலைத் தீர்க்க 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கிடப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது. 1974ஆம் ஆண்டில் அவ்வெச்சத்தையும் இருநாடும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. இரண்டு அரசுகளின் கணக்கில் இது நேர்மையான வகுத்தலாக இருக்கலாம். ஆனால் வகுக்கப்பட்டவை குடும்பங்கள். இந்தியக் குடியுரிமை கேட்டு ஒருவர் விண்ணப்பித்திருப்பார். உடன்பிறந்தாள் இலங்கைக்கு விண்ணப்பித்திருப்பாள். பெரியவர் வீட்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது. தந்தை இறந்த பின், அவரும் மனைவியும் தாயாரும் நான்கு வயது மகளும் 1973ஆம் ஆண்டில் புறப்பட்டனர். அவருடைய அக்காள் அங்கேயே நின்றார்.

உடன்பாடு கையொப்பமான இரண்டாம் மாதமே, 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவில், பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு ஒரு புகைவண்டியே அலைக்கு இரையாயிற்று. பாம்பன் பாலம் உடைந்தது. 46 நாளில் அதனைச் செப்பனிட்டனர். தனுஷ்கோடித் துறை மட்டும் மீண்டும் எழவில்லை. ஆகவே பின்னர் வந்தோர் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். ‘இராமானுஜம்’ என்ற கப்பலைத் தாயகம் திரும்பியோர் இன்றும் பெயர் சொல்லி நினைவுகூர்கின்றனர். இறங்கியவரை மண்டபம் முகாம் ஏற்றது. தந்தை வெளியே சென்ற அதே வாயிலில் மகன் உள்ளே வந்தார்.

நாங்கள் முகாமுக்குள் செல்லவில்லை. அதற்கு உரியவர்களின் இசைவு வேண்டும். அங்கு வாழ்வோரைக் காட்சிப்பொருளாகப் பார்ப்பதும் முறையன்று. புகைவண்டி நிலையத்திலும் சாலையோரத்திலும் நின்று பார்த்தோம். வடக்கே ஒரு கடல். தெற்கே ஒரு கடல். நடுவே ஒடுங்கிய மணல். முகாம் பகுதியில் இருக்கும் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைக் காட்டி, 1971ஆம் ஆண்டில் கொச்சிக்கு மாற்றப்படும் வரை இந்நாட்டின் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தலைமையிடம் இதுவே என்று கூறினேன். அவர் அதனைக் கேட்டுக்கொண்டார். அவருடைய மனம் வேறிடத்தில் இருந்தது. “இங்கேதான் வரிசையில் நின்றோம், சார். சுங்கக்காரர் பெட்டியைப் பார்த்தார்கள். குடும்ப அட்டை கொடுத்தார்கள்” என்றார். மடியிலிருந்து அந்த அட்டையை எடுத்துக் காட்டினார். ஐம்பது ஆண்டுக்கு மேலாகப் பிளாஸ்டிக் உறைக்குள் அதனைக் காத்து வைத்திருக்கிறார்.

அதன்பின் அவர் சொன்னதை அப்படியே கூறுகிறேன். “எங்கள் அப்பா போகும்போது, எந்த ஊர் என்று கேட்டு எழுதினார்கள். அவருக்கு ஊர் இருந்தது, சொன்னார். நான் வரும்போதும் எந்த ஊர் என்று கேட்டார்கள். அப்பா சொன்ன ஊரையே நானும் சொன்னேன். அந்த ஊரை நான் கனவில்கூடப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த ஊர் தோட்டம்தான். அதைச் சொன்னால் எழுதமாட்டார்கள்.” சற்று நேரம் பேசாமல் இருந்தவர், “அந்த ஊருக்குப் போனேன், சார். தாத்தா பெயரைச் சொன்னேன். ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒரு கிழவரும் நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறேனோ என்று பயந்தார்” என்றார்.

உடன்பாட்டின் மொழியில் இம்மக்களுக்குத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர். திரும்புவதற்கு முதலில் அங்கிருந்து புறப்பட்டிருக்க வேண்டும் அன்றோ? இவர்களில் மிகப் பலர் இந்தியக் கரையை முதன்முதலாகக் கண்டது இராமேசுவரத்துத் துறையில்தான். இலங்கையில் அவர்களை இந்தியாக்காரர் என்றனர். சிலர் கள்ளத்தோணி என்றும் இழித்துரைத்தனர். இங்கே நாம் அவர்களைச் சிலோன்காரர் என்றோம். 1980களின் தொடக்கத்தில் நான் ஆசிரியப் பணியில் சேர்ந்தபோது, வகுப்பில் அப்படி இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தனர். கிணற்றுப் பாசனமுள்ள நிலத்தை நம் பிள்ளைகள் தோட்டம் என்பர். அப்பிள்ளைகளோ பிறந்த மண்ணைத் தோட்டம் என்றனர். ஒரே சொல்லுக்கு இரண்டு நாடு இருந்தது.

நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு வந்து சேர்ந்தனர். அவர்களுக்காக அரசு ஒன்றும் செய்யாமலில்லை. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தோன்றின. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தோர்க்கென 1969ஆம் ஆண்டில் ஒரு கூட்டுறவு வங்கி அமைந்தது. கர்நாடகத்தில் இரப்பர்த் தோட்டங்களிலும், வேறிடங்களில் நூற்பாலைகளிலும் சிலருக்கு வேலை கிடைத்தது. பலருக்கோ ஒரு சிறு வணிகக் கடனோடு உதவி முடிந்தது. மலையில் கொழுந்து பறித்த கைகளுக்குத் தராசு பிடிக்கத் தெரியவில்லை. பெரியவர் வைத்த பெட்டிக்கடை எட்டு மாதத்தில் மூடப்பட்டது. அதன்பின் அக்குடும்பத்துக்குச் சோறு போட்டது சிவகாசியின் தீப்பெட்டி ஆபீசு. தாயும் மனைவியும் கட்டை அடுக்கினர். வீட்டில் பெட்டி ஒட்டினர். அவர் சுமை தூக்கினார்.

இவ்விடத்தில் நம் சிவகாசியின் கதையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பெரியவரின் தந்தை மண்டபத்தில் தங்கிய காலத்துக்குச் சற்று முன்னர், 1922ஆம் ஆண்டில், சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்றனர். அங்கே தீப்பெட்டித் தொழிலைக் கற்று அடுத்த ஆண்டில் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினர். எந்த வறண்ட வானம் உழவனைக் கடலுக்கு அப்பால் துரத்திற்றோ, அதே வறண்ட காற்று தீக்குச்சியும் பின்னர் பட்டாசும் காய்வதற்குத் துணையாயிற்று. பிழைப்பைத் தேடி மக்கள் போவது ஒரு வழி. பிழைப்பை மக்களிடம் கொண்டு வருவது மற்றொரு வழி. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே மண்ணில் நிகழ்ந்தன. ஆனால் இத்தொழிலும் மலிவான கூலியையே நம்பி நின்றது. சிறுவரின் உழைப்பை நெடுங்காலம் உண்டது. வெடிவிபத்துகளில் உயிரையும் கேட்டது, இன்னும் கேட்கிறது. அதை மறைத்துச் சிவகாசியின் பெருமையை மட்டும் பாடுவது வரலாறு ஆகாது. கடல் கடந்த தாத்தாவுக்குக் கிடைக்காத ஊர்ச்சோறு பேரனுக்குக் கிடைத்தது. அதற்கும் அவன் கைகள் விலை கொடுத்தன.

மண்டபம் முகாமுக்கு மூன்றாம் கதையும் உண்டு. 1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர் உயிருக்கு அஞ்சி ஓடிவந்தனர். கப்பல் போக்குவரத்து 1984ஆம் ஆண்டில் நின்றது. அதன்பின் வந்தோர் இரவில் மீன்படகேறி வந்தனர். மண்டபம் முகாமே அவர்களையும் ஏற்றது. அவ்வாறு வந்தோரில் மலையகத்தில் பிறந்து, வன்முறைக்கு அஞ்சி வடக்கே குடியேறி, அங்கிருந்தும் பெயர்ந்தவர்களும் உளர். 2022ஆம் ஆண்டில் இலங்கையில் பொருளாதார நெருக்கடி முற்றியபோதும் சிலர் வந்திறங்கினர். நம் மாவட்டத்திலேயே குல்லூர்ச்சந்தையிலும் ஆனைக்குட்டத்திலும் இத்தகைய முகாம்கள் உள்ளன. 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு இவற்றுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றிற்று. நல்ல பெயர்தான். ஆனால் முகாமில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே மணம்புரிந்த பிள்ளைகள் இன்னும் குடியுரிமைக்குக் காத்திருக்கின்றனர். ‘உன் தந்தை எங்குப் பிறந்தார்?’ என்று 1948ஆம் ஆண்டில் கேட்கப்பட்ட கேள்வி, கடலின் இக்கரையில் அவர்களிடம் கேட்கப்படுகிறது.

கப்பல் நின்றதால் பெரியவரும் தம் அக்காளைப் பின்னர் பார்க்கவே இல்லை. இரண்டு கரைக்கும் இடையே இருந்தது 22 மைல்தான். 1990களில் அக்காள் இறந்த செய்தி ஒரு கடிதத்தில், காரியமெல்லாம் முடிந்து மூன்று வாரத்துக்குப் பின் வந்தது. “அக்காவும் இந்த வாயிலில் வந்திருக்கலாம், நானும் அங்கே நின்றிருக்கலாம். ஆளுக்கு ஒரு படிவம் எழுதினோம், சார், அவ்வளவுதான்” என்று பெரியவர் கூறினார். உடன்பாடுகளைப் பற்றி நான் படித்த நூல்கள் பலவற்றில் இல்லாத பொருள் அந்தச் சொல்லில் இருந்தது.

வரலாற்றாசிரியர்கள் இம்முகாமை மூன்று தனித்தனி அதிகாரங்களில் எழுதுவர்: கூலிகள், தாயகம் திரும்பியோர், அகதிகள் என. என் கருத்தில் இம்மூன்றும் ஒரே கதை. ஒரே மணல்திட்டில், ஒரே மொழி பேசும் எளியவர்களை வரிசையில் நிறுத்தி, ‘உன் ஊர் எது?’ என்று மூன்று தலைமுறையாகக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். கேட்டவர்களுக்கு வேண்டியது பத்தியை நிரப்ப ஒரு பெயர். உழைத்த மண்ணும் பிள்ளை பெற்ற வீடும் புதைத்த இடமும் ஊராக எழுதப்படவில்லை. மனிதன் எங்கு உழைத்து வாழ்கிறானோ அதுவே அவன் ஊர் என்று ஏற்கும் சட்டம் அன்று அக்கரையில் இருந்திருந்தால், கப்பல் நிறைய மக்களைப் பிரித்தனுப்ப நேர்ந்திராது. இன்று இக்கரையில் முகாமில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி முடிவுசெய்வோரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இலங்கை 2003ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, அங்கேயே தங்கிவிட்ட இந்திய வம்சாவளித் தமிழர்க்குக் குடியுரிமை அளித்தது. காலம் தாழ்ந்த செயலெனினும் அது செய்யத்தக்க செயல். அதனைச் செய்ய முடியும் என்பதற்கும் அதுவே சான்று.

எல்லிஸ் தீவில் வந்திறங்கியோரின் பெயர்ப் பட்டியலைப் பேரப்பிள்ளைகள் தேடிப் பார்க்கின்றனர். மொரீசியசில் நவம்பர் 2ஆம் நாளை ஆண்டுதோறும் நினைவுநாளாகக் கொண்டாடுகின்றனர். மண்டபத்தில் நாங்கள் நடந்த வழியில், இக்கதையைச் சொல்லும் கல் ஒன்றும் எங்கள் கண்ணிற் படவில்லை. கல் நாட்டுவது அரசின் வேலை. அதற்குக் காலம் ஆகலாம். காலம் தாழ்த்தக்கூடாத வேலை ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. சாத்தூரிலும் சிவகாசியிலும் திருவில்லிபுத்தூரிலும் அருப்புக்கோட்டையிலும், தோட்டத்தில் பிறந்து கப்பலில் வந்த முதியோர் இன்றும் சிலர் இருக்கின்றனர். வந்த ஆண்டு, தோட்டத்தின் பெயர், உடன்வந்தோர், விட்டுவந்தோர் ஆகிய நான்கையும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதிவைக்க, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு மாலைப்பொழுது போதும். ஊர்தோறும் பள்ளிகள் இதனைச் செய்யலாம். ‘ஊர்’ என்ற இடத்தில் மட்டும் அவர்களே சொல்லும் பெயரை, அது கடலுக்கு அப்பால் இருக்கும் தோட்டமே ஆயினும், மாற்றாமல் எழுதுங்கள் என்று ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.